தாய்வீட்டுக்கு வந்த சுமைதாங்கி

போர்டைப் படிச்சாச்சா தம்பி? நிதானமாப் படிங்க. காரை நிறுத்தி இறங்கி அதைப் படிக்கிறவங்க எப்பவாச்சும் ஒருத்தர்தான் வருவாங்க, மத்தவங்க எல்லாம் பறக்கிற பறப்புல நீலமா என்னமோ நிக்குதுன்னு பாத்துட்டுப் போறவங்க. ‘இவ்விடத்தில் சிவனணைந்தபெருமாள் என்பவரால் தர்மமாக நிறுவப்பட்ட சுமைதாங்கிக் கல் இருந்தது.’ அம்புட்டுதான். பெயிண்டு நல்ல பெயிண்டு, மழைக்கு வெளுக்காது. ஆனா தர்மம் பண்ணுனவன் பேரைப் போட்டிருக்காங்களே, யாருக்காகப் பண்ணுனான்னு போட்டிருக்கா? போடல. கல்லுலயும் போடல, போர்டுலயும் போடல. உக்காருங்க, டீ போடுதேன். எனக்கு ஒத்தைக் கைதான் ஒழிவா இருக்கு, அதனால கொஞ்சம் நேரமாகும். என் இடுப்புல துணியில சுத்தி இருக்கதை ஏன் அப்படிப் பாக்கீங்க? அதுவும் இந்தக் கதையிலதான் வருது, பொறுங்க.

சுமைதாங்கி பாத்திருக்கீங்களா? ரெண்டு கல்லைத் தூண் மாதிரி நட்டு, மேல ஒரு நீளக் கல்லைப் படுக்கப் போட்டிருக்கும், நெஞ்சு உசரத்துக்கு. அந்தக் காலத்துல இந்தத் தேரிக்காட்டுல இருந்து கருப்பட்டிப் பெட்டியும் விறகுக்கட்டும் தலையில வச்சு, செம்மண்ணுல கால் பொதைய பொதைய சந்தைக்கு நடந்த பொம்பளைங்களுக்கு, பாதி வழியில சுமையை இறக்கணும்னா இறக்கிவிட ஆள் கிடையாது, இறக்கினா மறுபடி தூக்கிவிட ஆள் கிடையாது. அந்தக் கல்லு இருந்தா தலையை லேசாச் சாச்சு சுமையை அதுமேல நகத்திட்டு, மூச்சு வாங்கி, கழுத்தைத் தடவி, விதியேன்னு மறுபடி தலையைக் கொடுத்துத் தூக்கிட்டுப் போகலாம். அதை எப்ப வைப்பாங்கன்னா, வயித்துல பிள்ளையோட ஒருத்தி செத்துப்போனா வைப்பாங்க. அவ இறக்கி வைக்காமலே போயிட்டால்லா, அவ பேரைச் சொல்லி நாலு பேர் இறக்கி வச்சா அவ பாரம் குறையும்னு ஒரு கணக்கு. அப்படி இந்த நொச்சியோடை வளைவுல நின்ன கல்லுல ‘சிவனணைந்தபெருமாள் உபயம்’னு கொத்தியிருந்துச்சு. செத்தது அவரு பொண்டாட்டி. அவ பேரு என்னன்னு ஊர்ல ஒரு பயலுக்குத் தெரியாது.

எனக்கு ஒரே மக, பிரம்மசக்தி. கட்டிக்கொடுத்த இடத்துல ஒரு குறையும் கிடையாது, மாப்பிள்ளையும் தங்கம். வளைகாப்பு முடிஞ்சு நான்தான் இங்கன கூட்டிட்டு வந்தேன், தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே பாக்கணும். மத்தியானம் சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போது வலி கண்டுட்டு, ஆட்டோவுல ஏத்தினோம், இந்த வளைவுக்கு வரவும் டயருல காத்துப்போச்சு. அடுத்த வண்டி வர்ற வரைக்கும், ‘உக்கார முடியலம்மா, நிக்கேன்’னு சொல்லி, ரெண்டு கையையும் அந்தக் கல்லுமேல போட்டு, தலையைச் சாச்சுக்கிட்டு நின்னா. அடுத்த வண்டி வந்துச்சு. அதுக்குள்ள சாஞ்சது சாஞ்சபடிக்கே ரெண்டு உசிரும் போயிட்டு. பெத்த வயிறு தம்பி, இன்னைக்குச் சொல்லும்போதும் எரியத்தான் செய்யுது.

காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழத்துகிட்டப் போய், என் மகளுக்கு ஒரு சுமைதாங்கி வைக்கணும்யா, இடம் கொடுன்னு கேட்டேன். ‘அக்கா, இப்ப எவ தலையில சுமக்கா? எல்லாம் டெம்போவுல போவுது. கல்லை நட்டா நாயிதான் வந்து காலைத் தூக்கும்’னான். கெட்டவன் இல்ல, வாய்தான் அப்படி. அவன் சொன்னதுலயும் பொய் கிடையாது. அதனால நான் அந்தப் பழைய கல்லையே என் மகளுக்கும் சேத்து வச்சுக்கிட்டேன். தினமும் காலையில கடைக்குப் பால் கேனைத் தூக்கிட்டு வந்து அதுமேல வச்சு, ‘ஏளா பிரம்மசக்தி, இறக்கி வச்சுட்டேம்ளா’ன்னு சொல்லி, ஒரு மூச்சு விட்டுட்டுத் தூக்கிட்டு வருவேன். பேர் தெரியாத அந்த மகராசியும் கூடவே கேட்டுக்கிட்டுதான் இருந்திருப்பா.

அப்பந்தான் நாலுவழிச் சாலைக்கு அளந்தாங்க. எஞ்சினியர் ஆல்வின்னு ஒரு சின்னப் பையன், தொப்பியும் நாடாவுமா வந்து, மரத்துல, மதில்ல, மாடன் பீடத்துலன்னு எல்லாத்துலயும் மஞ்ச பெயிண்டால நம்பர் போட்டான், கல்லுலயும் ஒரு நம்பர் போட்டான். அந்த மாசம் கல்லுக்கு நாள் தள்ளிப்போச்சு.

சிரிக்காதீங்க. நான்தான் முதல்ல பாத்தேன். படுக்கைக் கல்லோட அடிப்பக்கம் எப்பவும் சமமா, பலகை மாதிரி இருக்கும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒருநாள் கேனை வைக்கும்போது பாத்தா நடுவுல லேசா ஒரு உப்பல். உலகம்மா மதினியைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். உலகம்மா மதினின்னா எங்க வீட்டுக்காரரோட அக்கா, ஊர்ல எவளுக்கு எத்தனை மாசம்னு நடையை வச்சே சொல்லுதவ. அவ உள்ளங்கையை வச்சுத் தடவிப் பாத்துட்டு, ‘மூணு இருக்கும். மசக்கையா இருப்பா, வாய்க்குப் புளிப்பா ஏதாச்சும் கொண்டாந்து வைளா’ன்னு சொல்லிட்டு, அடுப்புல குழம்பு இருக்குன்னு போயிட்டா.

அவ்வளவுதான் தம்பி, ஊர் ஏத்துக்கிட்டது. மறுநாள் ஒருத்தி மாங்காய் கீறி உப்பும் மிளகாய் வத்தலும் தூவி வச்சா, அடுத்தவ புளியங்காய் கொண்டாந்தா, இன்னொருத்தி சாம்பல் தின்ன ஆசை வரும்னு அடுப்புச் சாம்பலைக்கூட ஒரு தேங்காய்ச் சிரட்டையில எடுத்துட்டு வந்தா, ஆம்பளைங்க அந்தப் பக்கம் போகும்போது பீடியை அணைச்சாங்க, கெட்ட வார்த்தையை முழுங்கினாங்க, லாரிக்காரங்களுக்கு யார் சொன்னதோ, வளைவுல ஆரன் அடிக்காம மெதுவாத் திரும்பினாங்க, மினிபஸ் கண்டக்டர் ‘மாசக்கல்லு இறங்கு, மாசக்கல்லு இறங்கு’ன்னு ஸ்டாப்புக்கே பேரை மாத்திட்டான், பிள்ளையில்லாதவ வந்து தொட்டுக் கும்பிட்டா, பிள்ளை நிறையப் பெத்தவ வந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு புத்தி சொன்னா, படுக்கும்போது ஒருக்களிச்சுப் படு தாயின்னு, கல்லு எப்படிம்மா ஒருக்களிச்சுப் படுக்கும்னு நாங்க கேட்டா, ‘மாசமா இருக்கத் தெரிஞ்சவளுக்கு அது தெரியாதா’ன்னு எங்களையே ஏசினா.

கெட்ட பேச்சும் இல்லாம இல்ல. ‘சிவனணைஞ்சபெருமாள் செத்து நூறு வருசமிருக்குமே, இது யாருக்குளா?’ன்னு ஒருத்தி வாயில முந்தானையை வச்சுக்கிட்டுக் கேட்டா. எனக்கு வந்த கோபத்துக்கு, கொதிக்கிற பாலை அவ தலையில ஊத்தியிருப்பேன். ‘அவ சாகும்போது வயித்துல இருந்ததுதான்டி இது. அப்ப நின்னுபோனது இப்பத்தான் வளருது. போய் உம்மருமக வயித்தைப் பாரு’ன்னேன்.

ஆறாம் மாசம் நர்சு ஜோஸ்பின் வந்தா, ஊர் ஊராப் போய்க் கர்ப்பிணிப் பொம்பளைங்களைப் பாக்கிற நர்சு. குழலை வச்சுக் கேட்டுட்டு, என்னைப் பாத்து, ‘சுடலைவடிவக்கா, துடிப்பு நல்லா இருக்கு, தலை மேல இருக்கு, திரும்பிரும்’னா. எழுதிக்கிடப் பேனாவை எடுத்து, ‘பேரு?’ன்னு கேட்டா. ‘புருசன் பேரு தெரியும்’னா மதினி. ‘புருசனுக்கா பிரசவம்?’னு கேட்டுட்டு, பேனாவை மூடி வச்சுட்டா ஜோஸ்பின். அன்னைக்கு ராத்திரி நான் சாமிகிட்ட வேற எதுவும் கேக்கல. என் மகதான் பொழைக்கல, இவளாவது நல்லபடியாப் பெத்துப் பொழைக்கணும், அந்த ஒண்ணு போதும்னு கேட்டேன்.

வந்தான் ஆல்வின். அடுத்த மாசம் கல்லை எடுத்தாகணும், ரோடு அது மேலதான் போகுதுன்னான். ஊரே கூடிட்டு. தங்கப்பழம்தான் முன்னால நின்னு பேசினான்: ‘தம்பி, பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கப்பிடாது.’ ஆல்வின் ஒண்ணும் எதித்துப் பேசல, தொப்பியைக் கழட்டிட்டுக் கிட்டப் போய்ப் பாத்தான், தொடலாமான்னு என்கிட்டக் கேட்டுட்டுத் தொட்டான், நாடாவை எடுத்து வயித்தை அளந்தான். ‘மேல கேட்டுச் சொல்லுதேன்க்கா’ன்னு போனான். திரும்பி வந்தப்ப அவன் முகம் செத்துப்போயிருந்துச்சு. ரோடு போடத் தடையா இருக்கதுல கோயில்னு ஒரு இனம் இருக்காம், மரம்னு இருக்காம், மின்கம்பம்னு இருக்காம், கர்ப்பம்னு ஒரு இனம் கிடையாதாம். ‘நானும் சொல்லிப் பாத்துட்டேன், எனக்கு மேல இருக்கவரும் அவருக்கு மேல சொல்லிப் பாத்துட்டாரு. எல்லாருக்கும் பாவமாத்தான் இருக்கு’ன்னான். எல்லாருக்கும் பாவமா இருந்து என்ன செய்ய? பாவத்துக்கு ரோடு வளையுமா?

அப்பந்தான் உலகம்மா மதினிக்கு அந்த யோசனை வந்துச்சு. ‘வளைகாப்பு போட்டுருவோம். கை நிறைய வளையல் போட்டு நிக்கிறவளை எந்தக் கொம்பன் தொடுவான்? மெஷின் டிரைவரும் ஒரு ஆத்தா வயித்துல பொறந்தவன்தானே, இவ மேல கை வைப்பானா?’ன்னா. எங்களுக்கு வந்த சந்தோசத்தைக் கேளுங்க. ஊர்ல ஒரு வீடு விடாம வரிபிரிச்சோம், பாடத் தெரிஞ்சவ, பாடத் தெரியாதவ எல்லாரும் வந்தா. கல்லுக்குக் கை ஏது? ரெண்டு பக்கத் தூணையும் கையா வச்சு, பச்சையும் சிவப்புமா கண்ணாடி வளையலை மஞ்சக் கயித்துல கோத்துச் சுத்தினோம். சந்தனம் பூசினோம், குங்குமம் வச்சோம், அந்த மஞ்ச பெயிண்டு நம்பர் மேலயே பூமாலையைச் சாத்தினோம். புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சக்கரைப் பொங்கல்னு கிளறி வச்சோம். காத்தடிக்கும்போதெல்லாம் வளையல் குலுங்கினதைக் கேட்டு, பிள்ளை உள்ள இருந்து கேக்கும், கேக்கும்னு பொம்பளைங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. தாய்மாமன் வீட்டு வளையல் யார் போடுறதுன்னு ஒரு சண்டை வந்துச்சு, அதையும் தங்கப்பழமே போட்டுத் தீத்து வச்சான்.

ஆல்வினையும் கூப்பிட்டிருந்தோம். பகையாளியா அவன்? ஓரமா உக்காந்து வாழையிலையில அஞ்சு சோறையும் ரசிச்சுத் தின்னான். தின்னுக்கிட்டே, மனசுல ஒரு சூது கிடையாது தம்பி, சத்தியமாச் சொல்லுதேன், சும்மா பேச்சுவாக்குல கேட்டான்: ‘அப்ப தாய்வீட்டுக்கு எப்பக்கா கூட்டிட்டுப் போறீங்க? எங்க அக்காவை வளைகாப்பு அன்னைக்கு சாயங்காலமே கூட்டிட்டு வந்துட்டோம்.’

சோத்தைப் பிசைஞ்ச கை எல்லாம் இலையிலேயே நின்னுபோச்சு. வளைகாப்பு போட்டவளைப் புருசன் ஊர்ல வச்சிருக்கப்பிடாது, தாய்வீட்டுக்கு அனுப்பியாகணும்; அது எங்க முறை, எங்க பாட்டன் பூட்டன் முறை, மாத்துனா பிள்ளைக்கு ஆகாது. ரோட்டை மறிக்க முறையைக் கொண்டாந்து குறுக்க போட்டோம், அந்த முறையே எங்களை மறிச்சுட்டு நின்னுச்சு. ஒருத்தியாவது, ஒருத்தியாவது முந்தியே யோசிச்சிருக்கப்பிடாதா? ஊர்ல எத்தனை பொம்பளை, எத்தனை வளைகாப்பு பாத்தவ! உலகம்மா மதினி தலையில அடிச்சுக்கிட்டா. பிறகு அவதான் சொன்னா, ‘தம்பி சொல்லுதது முறைதான்’னு. ஆல்வினுக்கு என்ன சொல்லிட்டோம்னு அப்பத்தான் புரிஞ்சுது, சாப்பாட்டை வாயில வைக்க மனசில்லாம எந்திரிச்சுப் போய்க் கையைக் கழுவினான்.

சரி, தாய்வீடு எது? அங்கதான் வந்து மாட்டிக்கிட்டோம். கல்லுல புருசன் பேர் இருக்கு, அவன் பண்ணுன தர்மம் இருக்கு. அவ எந்த ஊர்ப் பொண்ணு, யார் பெத்தவ, என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, ஒரு எழுத்து கிடையாது. தங்கப்பழம் ஊர் ஊராப் போய்க் கேட்டான். கிழக்க கடக்கரை ஊர்ல, எங்க வீட்டுப் பொண்ணுன்னா நாங்களே கல்லு வச்சிருப்போமேன்னாங்க. மேக்க ஆத்தங்கரை ஊர்ல, கூட்டிட்டு வாங்க, ஆனா பிரசவச் செலவும் சீரும் நீங்கதான் பாக்கணும்னாங்க. தெக்க ஒரு ஊர்ல, எங்க ஊர்ல பிள்ளைத்தாய்ச்சியா யாரும் செத்ததே கிடையாதுன்னு கதவைச் சாத்தினாங்க. ஊரையே தாங்கின கல்லுக்குப் பிறந்த வீடு இல்ல பாத்தீங்களா. மெஷின் வேற வந்து வளைவுல நின்னுட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு.

நான்தான் சொன்னேன், என் வீட்டுக்குக் கொண்டாங்கன்னு. ‘நான் தாயா இருக்கேன். எனக்குப் பழக்கம் உண்டு’ன்னேன். யாரும் என் முகத்தைப் பாக்கல. பழக்கம் எப்படிப்பட்ட பழக்கம்னு எல்லாருக்கும் தெரியும்லா.

கிரேனை வச்சுத் தூக்கினாங்க. லாரியில வைக்கோல் பரப்பி, வைக்கோல் மேல மெத்தை பரப்பி, மெத்தை மேல கல்யாணச் சேலையெல்லாம் பரப்பி, டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு, ஊரே கூட நடந்து வர, ஆல்வின் லாரிக்கு முன்னால குனிஞ்சு குனிஞ்சு ரோட்டுல கிடக்கிற சல்லியைப் பொறுக்கி எறிஞ்சுக்கிட்டே வந்தான். இந்தா இருக்கு, கடைக்குப் பின்னால என் வீடு, அந்த வளைவுல இருந்து கூப்பிடு தூரம். அந்தக் கூப்பிடு தூரத்துல எத்தனை பள்ளம்! ஒவ்வொரு பள்ளத்துக்கும் வளையல் குலுங்கும். முற்றத்துல ரெண்டு தூணையும் நட்டு, அவளை மேல படுக்க வச்சு, பந்தல் போட்டு, சாணி தெளிச்சு, கோலம் போட்டேன். ‘வந்துட்டே தாயி, இனி பயமில்ல’ன்னு சொன்னேன். எனக்குத்தான் பயமா இருந்துச்சு.

வலி கண்டது ஒரு மத்தியானம். கல்லு வேர்த்துச்சு. நல்ல வெயில்ல, தொட்டா கை நனையிற மாதிரி வேர்த்து, சொட்டு சொட்டா மண்ணுல விழுந்துச்சு. ஜோஸ்பின் ஓடி வந்தா, குழலை வச்சா, ‘துடிப்பு வேகமா இருக்குக்கா’ன்னா, வென்னி கேட்டா, கொடுத்தேன், துணி கேட்டா, கொடுத்தேன், அதை வச்சு என்ன செய்யன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஆம்புலன்ஸ் வந்துச்சு, அந்த டிரைவர் பாத்துட்டு, ‘அம்மா, ஸ்ட்ரெச்சர் தாங்காது’ன்னு சொல்லிட்டு, போகவும் மனசில்லாம வண்டிக்குப் பக்கத்துலயே நின்னான். கொத்தனாரு உளியையும் சுத்தியலையும் எடுத்துட்டு வந்து, ‘அடியில ஒரு கோடு போட்டுப் பிளந்தா பிள்ளையை எடுத்துரலாம்’னாரு. ‘அவ?’ன்னு கேட்டேன். அவரு உளியைக் கீழ வச்சுட்டாரு. உலகம்மா மதினி சாமியாடினா, தங்கப்பழம் மூலையில நின்னு அழுதான், ஆல்வின் போனை எடுத்து யாருக்கோ பேசினான், என்ன பேசினான்னு அவனுக்கே தெரியாது. ஊரே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. நான் ரெண்டு கையையும் அந்தக் கல்லுமேல போட்டு, தலையைச் சாச்சுக்கிட்டு நின்னேன், என் மக நின்ன மாதிரியே. அவ நெஞ்சுல என் காது. தாயி, முக்கு, இன்னும் கொஞ்சம் முக்கு, அம்மா இருக்கேன்ளான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எவ காதுல விழுந்துச்சோ.

படீர்னு ஒரு சத்தம். வளையல் அத்தனையும் ஒரே நேரத்துல நொறுங்கிச்சு. கல்லு நடுவுல ரெண்டா விண்டு, இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணா விழுந்துட்டு. நடுவுல, நான் அடியில ரெண்டு தூணுக்கும் கட்டி விரிச்சிருந்த சேலையில, பிள்ளை.

அம்மிக் குழவி அளவு இருந்துச்சு. வழவழன்னு, கருப்பா, ஈரமா. ஜோஸ்பின் எடுத்துத் தலைகீழாப் பிடிச்சு முதுகுல தட்டினா, பழக்கதோசம். அழல. மறுபடி தட்டினா. அழல. ஆனா சூடா இருந்துச்சு தம்பி, பிறந்த பிள்ளை சூடு, குழலை வச்சா துடிப்பும் கேட்டுச்சு. உடைஞ்சவளைத் தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருந்தா. ஒரு கல்லு எப்படிச் சில்லுன்னு இருக்குமோ அப்படி. அவளையும் காப்பாத்த முடியல. எனக்கு மட்டும் எதுக்கு ரெண்டு தடவை காட்டினான் அந்தக் கடவுள்? கேக்குதேன், பதில் சொல்லட்டும்.

பிள்ளையைத் தொட்டில்ல போட்டோம், கொஞ்ச நேரத்துல சூடு குறைஞ்சுது. பாயில போட்டோம், குறைஞ்சுது. மண்ணுல வச்சா விறைச்சே போச்சு, துடிப்பும் நிக்கப் பாத்துச்சு. அலறிப் பிடிச்சுத் தூக்கி நெஞ்சோட வச்சுக்கிட்டு ராத்திரி பூரா நடந்த பிறகுதான் சூடு திரும்புச்சு. அப்பந்தான் தெரிஞ்சுது, இதை இறக்கி வைக்கப்பிடாது. ஆள் கை மாறலாம், தரையில இறங்கப்பிடாது. சுமைதாங்கி பெத்த பிள்ளையை யாராச்சும் சுமந்துக்கிட்டே இருக்கணும்.

முதல்ல ஊரே சுமந்துச்சு, பொய் சொல்லப்பிடாது. முறை வச்சு வாங்கிட்டுப் போவாங்க, தாலாட்டுவாங்க, ஆம்பளைங்ககூடத் தோள்ல போட்டுக்கிட்டு மினிபஸ்ஸுல ஏறுவாங்க, கண்டக்டர் டிக்கெட் கேக்கமாட்டான். அப்புறம் ஒருத்திக்கு நடவு வந்துச்சு, ஒருத்திக்கு இடுப்புவலி வந்துச்சு, ஒருத்திக்குச் சொந்தப் பேரன் பிறந்தான். தங்கப்பழத்துக்குத் தேர்தல். உலகம்மா மதினி கடைசி வரைக்கும் வந்தா, சாகுத அன்னைக்கும் மடியில வாங்கி வச்சிருந்தா. யாரையும் குறை சொல்ல மாட்டேன். வளராத பிள்ளை, சிரிக்காத பிள்ளை, அம்மான்னு கூப்பிடாத பிள்ளையை ஊர் எத்தனை நாள் சுமக்கும்? கல்லுப்பிள்ளைன்னு ஒரு பேர் வச்சாங்க, அதோட பழகிப்போச்சு. இப்ப வழியில பாத்தா, பிள்ளை நல்லா இருக்கான்னு கேக்குதாங்க. ஒரு நிமிசம் கொடுன்னு யாரும் கேக்குறதில்ல.

ரோடு போட்டு முடிச்சாங்க. ஆல்வின் மனசு கேக்காம, மேல எழுதி எழுதி, அந்த நீல போர்டை வாங்கிட்டு வந்தான். நடுதப்ப நானும் போனேன், இதைத் தூக்கிக்கிட்டு. ‘அவ பேரு தெரியல, அதனால ஒரு வரியைச் சும்மா விட்டுரு தம்பி’ன்னேன். போர்டுல வெத்து வரி விடமாட்டாங்களாம். ‘அப்ப என் மக பேரைப் போடு, அவளும் அங்கனதானே செத்தா’ன்னேன். அவன் தரையைப் பாத்துக்கிட்டே, ‘அக்கா, வரலாறுன்னா ஆதாரம் கேப்பாங்க’ன்னான். இந்தா இருக்கே ஆதாரம், பிடின்னு நீட்டினேன். வாங்கினான். கொஞ்ச நேரம் நெஞ்சோட வச்சுக்கிட்டு நின்னான், தேம்பித் தேம்பி அழுதான். பிறகு போன் வந்துச்சு, என்கிட்டத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டான். இப்ப வடக்க எங்கயோ ரோடு போடுதானாம்.

இந்தாங்க டீ. ஆறித்தான் போச்சு. ஒத்தைக் கையால ஆத்தினா நுரையும் வராது. உங்களை மாதிரி படிச்சவங்க வருவாங்க, போர்டைப் போட்டோ எடுப்பாங்க, உடைஞ்ச கல்லு எங்கம்மான்னு கேப்பாங்க, முற்றத்துல கிடக்குன்னா அதையும் எடுப்பாங்க. எடுத்துக்கிடுங்க, வேண்டாங்கல. எனக்கும் வயசாகுது தம்பி, தோள்பட்டை இறங்கிட்டு, கை மரத்துப்போச்சு. எனக்குப் பிறகு இது யார் இடுப்புலன்னு நினைச்சா சாகவும் பயமா இருக்கு. முன்னயாவது இந்த வழியில களைச்சவ இறக்கி வைக்க ஒரு கல்லு நின்னுச்சு. அதோட பிள்ளையைச் சுமந்துக்கிட்டு நான் எந்தக் கல்லுமேல இறக்கி வைக்க?

நல்ல டீயா ஒண்ணு போட்டுத் தாரேன், ரெண்டு கையாலயும் ஆத்தி. அதுவரைக்கும் கொஞ்சம் இதைப் பிடிச்சுக்கிடுதீங்களா? கனமா இருக்கும், பயப்படாதீங்க, சூடாத்தான் இருக்கும். கையை இப்படி நீட்டுங்க.

ம்? கார்ல ஆள் காத்துக்கிட்டு இருக்காங்களா. சரி, சரி, அதனால என்ன. பாத்துப் போங்க தம்பி, அந்த வளைவுல இப்ப நிக்க இடம் கிடையாது.